3018 சி.என்.சி எந்திரத்துக்குப் புதிய அடிப்பலகையும் கிளாம்பும்: ஆலோசனை தேவை

செம்புத்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணினிக் கட்டளைப்படி செதுக்கும் என் சிறிய 3018 எந்திரத்தின் அலுமினிய மேசைமேல் ஒரு பழைய பிளைவுட் துண்டை இரட்டைப்பக்க நாடாவால் ஒட்டி, இதுவரை அதன்மீதே வேலை செய்து வந்தேன். சென்ற வாரம் 100 மி.மீ. நீளமுள்ள மின்சுற்றுப் பலகை ஒன்றைச் செதுக்கியபோது, இடது ஓரத்தில் செம்பில் கீறல்கூட விழவில்லை. வலது ஓரத்திலோ பிட் (வெட்டும் முனை) செம்பைத் தாண்டிப் பலகைக்குள்ளேயே ஆழமாக இறங்கிவிட்டது. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓரங்களுக்கும் இடையே 0.4 மி.மீ. வேறுபாடு இருக்கிறது. செம்புப் படலத்தின் தடிமனே 0.035 மி.மீ. என்னும்போது இதை வைத்துக்கொண்டு என்ன செதுக்க முடியும்?

பிளைவுட்டை எறிந்துவிட்டு, வீட்டில் கிடக்கும் 18 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் மரையிட்ட துளைகளுடன் புதிய தளம் செய்ய எண்ணுகிறேன். இந்தத் தடிமன் பொருந்துமா? வேலைப்பொருளை அழுத்திப் பிடிக்க எந்திரத்தோடு வந்த நான்கு கிளாம்புகளும் இறுக்க இறுக்க வழுக்குவதால், அவற்றுக்கு மாற்றும் சொல்லுங்கள்.

இழைப்புளி எழுதியது:

நண்பரே, 18 மி.மீ. வேண்டாம், 12 மி.மீ. போதும். இந்த எந்திரத்தில் இசட் அச்சு (மேல்கீழ்) நகரும் தூரமே சுமார் 45 மி.மீ. தான், அடிப்பலகை எவ்வளவு தடிக்கிறதோ அவ்வளவு உயரம் உங்கள் வேலைப்பொருளுக்குக் குறையும். தவிர, 3018-இல் ஒய் அச்சில் (முன்பின்னாக) நகர்வது மேசைதான். 300 × 180 அளவில் 18 மி.மீ. எம்.டி.எஃப் ஏறத்தாழ 700 கிராம் எடை வரும். அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் அந்தச் சிறிய மோட்டார் ஒவ்வொரு திருப்பத்திலும் இழுக்க வேண்டும்.

மரைக்கு எம்6 (6 மி.மீ. போல்ட்டுக்கான) பித்தளை இன்செர்ட், அதாவது துளைக்குள் பதிக்கும் மரைக்குழல், வாங்குங்கள். தவறிப்போய் பிட் அதில் பட்டாலும், இரும்பில் பட்டதுபோல உடனே உடைந்துவிடாது. 40 மி.மீ. இடைவெளியில் துளைகளைப் போட்டு, இன்செர்ட்டுகளைப் பலகையின் அடிப்பக்கத்திலிருந்து ஏற்றுங்கள். இது மிக முக்கியம். மேலிருந்து ஏற்றினால், கிளாம்பை இறுக்கும் ஒவ்வொரு முறையும் இன்செர்ட் மேல்நோக்கி இழுபட்டு, துளையைச் சுற்றி எம்.டி.எஃப் ஒரு சிறு மேடாக உப்பும், அந்த மேட்டின்மேல் எதை வைத்தாலும் ஆடும். பலகையை மேசையோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்குத் தட்டையான தலையுள்ளவற்றைத் தேர்ந்து, தலை மேற்பரப்பிலிருந்து குறைந்தது 3 மி.மீ. கீழே இருக்குமாறு குழிக்குள் இறக்கிவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, பலகை முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து, 6 மி.மீ. பிட்டால் ஒரு முறைக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. என்று சீவுங்கள். கடைசிப் பென்சில் கோடு மறையும் வரை சீவினால், அந்தப் பரப்பு எந்திரத்தின் நகர்வுக்கே இணையாக அமைந்துவிடும். கடையில் எவ்வளவு நேரான பலகையை வாங்கினாலும் இந்த இணைமை கிடைக்காது. எம்.டி.எஃப் தூள் மிக நுண்ணியது. முகக்கவசம் இல்லாமல் சீவாதீர்கள்.

உப்புக்காற்று எழுதியது:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் கடலோரத்தில் இருக்கிறேன். என் முதல் எம்.டி.எஃப் தளம் ஒரே மழைக்காலத்தில் ஓரமெல்லாம் ஊதி, நடுப்பகுதி குழிந்துபோனது. மேல்பக்கத்தை மட்டும் சீவினால் அடர்ந்த மேல்தோல் போய்விடும். ஈரம் அந்தப் பக்கம் வேகமாகவும் அடிப்பக்கம் மெதுவாகவும் ஏறுவதால் பலகை வளையும். எனவே அடிப்பக்கத்துக்கும் நான்கு ஓரங்களுக்கும் பூட்டுவதற்கு முன்பே இரண்டு கோட் சீலர் அடித்துவிடுங்கள். சீவி முடித்த பின் மேலே ஒரு மெல்லிய கோட் போதும். முடிந்தால் எச்.டி.எச்.எம்.ஆர் (அடர்த்தி மிகுந்த, ஈரம் தாங்கும் வகை) பலகையாகவே வாங்கிவிடுங்கள். ஈரத்தை அது நன்றாகத் தாங்குகிறது.

நெம்புகோல் எழுதியது:

கிளாம்ப் வழுக்குவதற்குப் பெரும்பாலும் போல்ட் இருக்கும் இடமே காரணம். கிளாம்பின் முனை வேலைப்பொருளின்மேலும், வால் ஒரு தாங்குகட்டையின்மேலும் அமர வேண்டும். வால் முனையைவிட ஒரு நூலளவு உயர்ந்திருக்கட்டும். போல்ட்டை வேலைப்பொருளுக்கு நெருக்கமாக நிறுத்துங்கள். முனையிலிருந்து 20 மி.மீ., வாலிலிருந்து 40 மி.மீ. என்று போல்ட் நின்றால், அதன் இறுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு பொருள்மீது விழும். இடத்தை மாற்றிப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் விழும், மற்றதெல்லாம் தாங்குகட்டையை அழுத்துவதிலேயே வீணாகும்.

ஆனால் மின்சுற்றுப் பலகைக்குக் கிளாம்பே வேண்டாம் என்பது என் கருத்து. 1.6 மி.மீ. தகட்டை ஓரங்களில் அழுத்தினால் நடுவில் வில்போல எழும்பும். தகட்டின் அடியிலும் தளத்தின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புகளுக்கும் நடுவே சூப்பர் க்ளூவை மெல்லிய கோடாக விட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். முழுப் பரப்பும் சமமாக அமரும். வேலை முடிந்ததும் டேப்பை உரித்துவிடலாம்.

செம்புத்தடம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. 12 மி.மீ. எச்.டி.எச்.எம்.ஆர் பலகையில் நீங்கள் சொன்னபடியே செய்து முடித்தேன். முதல் நாள் ஒரு கிளாம்பை இறுக்கியபோது, பலகையின் அந்த மூலை அழுந்துவதற்குப் பதிலாக மேலே எழும்பியது. போல்ட் நீளமாக இருந்ததால், அதன் நுனி கீழே உள்ள அலுமினியத்தில் முட்டிப் பலகையையே தூக்கியிருக்கிறது. போல்ட்டுகளை அறுத்துக் குறுக்கிய பின் சரியாகிவிட்டது. இப்போது ஓரத்துக்கு ஓரம் வேறுபாடு 0.05 மி.மீ. மட்டுமே. ஆனால் இடவலமாகச் சீவிய தடங்களுக்கு நடுவே விரல்நகத்தால் தடவினால் படிப்படியாகத் தட்டுப்படுகிறது. இது ஏன்?

இழைப்புளி எழுதியது:

உங்கள் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருக்கிறது. சீவுவதால் பரப்பு இணையாகுமே தவிர, சாய்ந்த ஸ்பிண்டில் நிமிராது. வளைத்த கம்பி ஒன்றைக் காலெட்டில் (பிட்டைப் பிடிக்கும் பிடியில்) பூட்டிக் கையால் சுற்றி, முன்னும் பின்னும் அதன் நுனிக்கடியில் ஒரு தாள் நுழைகிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் இடைவெளி என்று தெரிந்ததும், ஸ்பிண்டில் தாங்கியின் மேல் திருகுகளுக்குப் பின்னாலோ கீழ்த் திருகுகளுக்குப் பின்னாலோ குளிர்பானக் கேனிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டைச் செருகுங்கள். அது ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும். பிறகு இன்னொரு முறை பென்சில் கோடு போட்டுச் சீவிவிடுங்கள். மீதமுள்ள 0.05 மி.மீ. வேறுபாட்டைக் எந்திரத்தை இயக்கும் காண்டில் மென்பொருளின் உயர வரைபடமே (பரப்பின் மேடுபள்ளங்களை அளந்து வைக்கும் வசதி) சரிசெய்துகொள்ளும்.