'லீட்' என்ற ஒரே சொல்: எந்த இடத்தில் என்ன பொருள்?

புதுமேசை:
ஆங்கில ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கும்போது 'லீட்' (எல்-இ-ஏ-டி) வரும் இடமெல்லாம் தடுமாற்றம். ஆசிரியர் குறிப்பில் "லீட் பலவீனம்" என்பது ஒன்று, குற்றச் செய்தியில் போலீஸுக்குக் கிடைக்கும் லீட் வேறொன்று, தேர்தல் நாளில் இன்னொன்று. சில செய்திகளின் தலையில் 'எல்டி' என்ற சுருக்கமும் நிற்கிறது. அமெரிக்கக் கையேடுகளில் எழுத்துக்கூட்டலே வேறு. இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

செய்திமேசை:
சொல் செய்திக்குள் இருக்கிறதா, செய்தியைப் பற்றிய குறிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறிப்பில் என்றால் பெரும்பாலும் இரண்டே பொருள். "லீடை மாற்று" என்றால் முதல் பத்தி. "இன்றைக்கு எது லீட்?" என்றால் பக்கத்தின் தலைமைச் செய்தி. பிரிட்டிஷ் வழக்கில் முதல் பத்திக்கு 'இன்ட்ரோ' என்றே பெயர் இருப்பதால், அங்கே லீட் பெரும்பாலும் தலைமைச் செய்திதான்.

'எல்டி' என்பது லீடின் சுருக்கம். ஏற்கெனவே வந்த செய்திக்குப் புதிய முதல் பத்தி வந்திருக்கிறது என்று பொருள். கூடவே 'ரைட்த்ரூ' என்றும் இருந்தால் முழுச் செய்தியையும் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். அப்போது பழைய மொழிபெயர்ப்பின் மேல் புதுப் பத்தியை ஒட்டுவது ஆபத்து: பலி எண்ணிக்கை மேலே 12, கீழே 9 என்று நிற்கும். கடைசி வரி வரை ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. ஆங்கில லீட் 25 முதல் 35 சொற்களில் ஒரே வாக்கியமாக ஓடும். வினை அங்கே முன்னாலேயே வந்துவிடுகிறது. தமிழில் அது கடைசியில்தான் வரும். அப்படியே பெயர்த்தால் என்ன நடந்தது என்று தெரிய வாசகர் முற்றுப்புள்ளி வரை காத்திருக்க வேண்டும். இரண்டாக உடையுங்கள். நடந்தது முதல் வாக்கியத்தில், சொன்னவரும் சூழலும் அடுத்ததில்.

ஈய எழுத்து:
எழுத்துக்கூட்டல் பற்றி. ஈயத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே நான்கு எழுத்துகள்தான், உச்சரிப்பு மட்டும் 'லெட்'. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்து எழுத்து வார்த்த காலத்தில், வரிகளுக்கிடையே இடைவெளி விட ஈயத் தகடு செருகுவார்கள். வழக்கமான தடிமன் 2 பாயின்ட் (அச்சில் பயன்படும் சிறு அளவு). அச்சுக்கோப்பவர் குழம்பாமலிருக்க முதல் பத்தியை 'எல்-இ-டி-இ' என்று எழுதினார்கள் என்பது பரவலான விளக்கம். ஆனால் அந்த வடிவம் பெரிதாகப் பரவியதே ஈய அச்சு விடைபெறும் காலத்தில்தான் (நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் ஈய அச்சைக் கைவிட்டது). அதனால் இந்த விளக்கத்தை நான் அரைமனதோடுதான் ஏற்பேன்.

தகடு போனாலும், வரி இடைவெளியைக் குறிக்கும் 'லெடிங்' என்ற பெயர் பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் லெடிங் என்றால், ஒரு வரியின் எழுத்துகள் அமரும் அடிக்கோட்டிலிருந்து அடுத்த வரியின் அடிக்கோடு வரை 12 பாயின்ட். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'ழு', 'ஞு' கீழே இறங்கும், 'கீ', 'றீ' மேலே வளையும். இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் முட்டிக்கொள்ளும். பெரும்பாலான எழுத்துருக்களுக்கு 13 அல்லது 14 வையுங்கள்.

புதுமேசை:
நன்றி. செய்திக்குள் வரும்போது?

சரிபார்ப்பு:
அங்கேதான் பிழைகள் அதிகம். வாக்கு எண்ணிக்கையில் 'முன்னிலை'. முடிவு அறிவிக்கும்வரை 'வெற்றி' என்ற சொல்லே வரக்கூடாது. கருத்துக்கணிப்பில் 43-க்கு 40 என்றால் முன்னிலை 3 சதவீதப் புள்ளி, 3 சதவீதம் அல்ல. பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 3 என்று போட்டிருந்தால் அது ஒவ்வொருவர் பங்குக்கும் உரியது. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது கிட்டத்தட்ட இரு மடங்காகும். எனவே இதை உறுதியான முன்னிலையாக எழுத முடியாது.

குற்றச் செய்தியில் 'துப்பு'. 'ஆதாரம்' என்று எழுதினால் விசாரணை முடிந்துவிட்ட தோற்றம் வரும். 'தடயம்' சம்பவ இடத்தில் கிடைக்கும் பொருளுக்கு.

உடல்நலச் செய்தியில் 'லீட்ஸ் டு' வந்தால் மூல ஆய்வைத் திறந்து பாருங்கள். ஆய்வு தொடர்பை மட்டும் காட்டியிருந்தால் 'தொடர்புடையது' என்றே எழுத வேண்டும். 'வழிவகுக்கிறது' என்பது காரணத்தைச் சொல்லும் சொல்.

குழாய், பெயின்ட், ரத்தம், மைக்ரோகிராம் இவற்றில் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அது ஈயம். 2014-இல் நீர் ஆதாரத்தை மாற்றிய பிறகு அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரக் குடிநீரில் கலந்தது இதுதான். இயந்திர மொழிபெயர்ப்பு இத்தகைய தலைப்புகளில் 'முன்னணி' என்று போட்டுவிடலாம். தலைப்பைத் தனியாகப் படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு பொறி. 'தலைமை தாங்கு' என்ற பொருளில் வரும் லீடின் இறந்தகால வடிவமும் 'லெட்' என்றே ஒலிக்கிறது, ஆனால் அதற்கு மூன்றே எழுத்துகள் (எல்-இ-டி). ஆங்கிலச் செய்தியாளர்களே அங்கே நான்கெழுத்துச் சொல்லைத் தவறாகப் போட்டுவிடுவார்கள். 'அவர்', 'அமைச்சர்' போன்ற ஒருமை எழுவாயை அடுத்து, இறுதியில் 'எஸ்' இல்லாமல் வினையாக நின்றால் நடந்து முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு, தேதியை வைத்து உறுதிசெய்யுங்கள்.