புதுப்பிப்பு: ஜாஸ் பேஸின் ரீங்காரம் அடங்கியது

வடபழனி வீட்டில் என் ஜாஸ் பேஸ் (ஒரு வகை பேஸ் கிட்டார்) ரீங்கரிக்கிறது, பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றவில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய செப்பு நாடாவைக் கிட்டாருக்குள் ஒட்டியதில் கரகரப்பு குறைந்தது. வீட்டு மின்சாரத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அசையவில்லை.

இரண்டு பிக்கப்புகளின் வால்யூமையும் முழுதாகத் திறந்தேன், அடங்கிவிட்டது! சுருள்கள் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் மாறியிருப்பதால் இரைச்சல் மட்டும் அழிகிறது. ஆனால் இரு பிக்கப்புகளும் தந்தியை வெவ்வேறு இடத்தில் கேட்பதால் நடு அலைவரிசைகள் சில கரைகின்றன. தனியே வாசிக்க இனிமைதான். ஒத்திகையில் டிரம்ஸ் தொடங்கியதும் என்னைக் காணவில்லை.

1957இல் பிரிசிஷன் பேஸுக்கு (இன்னொரு வகை பேஸ் கிட்டார்) வந்த பிளவுச் சுருளில், அதாவது இரு பாதிகளாகப் பிரிந்த பிக்கப்பில், இந்தத் தொல்லை இல்லை: ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு தந்திகள், ஒவ்வொரு தந்தியையும் ஒரே இடத்தில்தான் கேட்கிறது. நண்பரிடம் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன்.