புகை வந்த நேரத்தைக் குறித்த நோட்டு

கோல லங்காட்டு அக்கா:

எங்கள் ஊர் மலேசியாவில் பந்திங்குக்குப் பக்கம், தோட்டத்து ஊர். முதலில் பால்மரம் என்கிற ரப்பர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை. இப்போது தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதில் பாதி இடம் தகரக் கொட்டகை. 2018 தொடக்கத்தில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவு இனி வேண்டாமென்று சீனா கதவைச் சாத்தியதும், அந்தச் சரக்கில் நிறைய நம் கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்கியது. எங்கள் மாவட்டத்து ஜெஞ்சாரோமில், அதை உருக்கும் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. எங்கள் பக்கமும் ஒன்று. உருக்க ஆகாததை இரவில் எரித்தார்கள்.

செருப்பு தீய்ந்தது போன்ற வாடை. கொடியில் கிடந்த துணியைக் காலையில் உதறினால் கரித்தூள் பறக்கும். சின்னவனுக்கு மூச்சிழுப்பு. ஊரில் இது தெரியாதவர் யாருமில்லை. கோயில் திருவிழாவில் பேசினோம், வாட்ஸ்அப்பில் அழுகிற பொம்மை போட்டோம். ஆறு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அரசு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "எத்தனை மணிக்கு எரிக்கிறார்கள்? எந்தத் திசையிலிருந்து புகை வருகிறது?" என்று கேட்டார் அலுவலர். "எப்போதும்தான் ஐயா" என்றேன். "எப்போதும் என்று புகாரில் எழுத முடியாது அம்மா" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோறு வடிக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டதில் தப்பில்லை.

மகனின் பழைய கணக்கு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி எழுதத் தொடங்கினேன். தேதி, வாடை தொடங்கிய நேரம், நின்ற நேரம், காற்று வீசிய பக்கம், உள்ளே போன லாரியின் எண். "வாட்ச்மேன் சம்பளம் யார் தருகிறார்கள்?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். எனக்கோ பன்னிரண்டு மணிக்கு மேல் கண் நிற்காது. எதிர்வீட்டு மலாய் அம்மா, தகஜ்ஜுத் தொழுகைக்கு மூன்று மணிக்கு எழுகிறவர். "பின்னிரவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் மலாயில் எழுத, நான் தமிழில் எழுத, 41 இரவுகள். நகலெடுத்து மூன்று அலுவலகங்களில் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்குச் சாப் (முத்திரை) அடிக்காமல் நகரவில்லை.

நோட்டில் இருந்த நேரத்துக்கே, ஒரு வியாழன் நள்ளிரவில், அதிகாரிகள் வந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. வேறெங்கோ திறந்திருப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்):

படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. என்னிடமும் நோட்டு இருந்தது அம்மா, வேலையாட்களின் வருகையை எழுதும் செக்ரோல். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002இல் தடை செய்கிறோம் என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். இடையில் எங்கள் பெண்கள் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு அதையே அடித்தார்கள். நகம் கறுத்துக் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது. பெண் தொழிலாளர்களுக்காக ஐரின் பெர்னாண்டஸ் நடத்திய தெனாகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களைத் தேடிப் போய் அவர்கள் உடம்பு படுகிற பாட்டை எழுதி வைத்தது. தினமும் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டில் அவர்கள் முகத்தைப் பார்த்த நான் எழுதியது "காய்ச்சல், விடுப்பு" மட்டும். "மருந்தடித்த மறுநாள்" என்று பக்கத்தில் இரண்டு சொல் சேர்க்க மை செலவாகியிருக்காது. வேலை போய்விடும் என்று பயம்.

செய்தது ஒன்றே ஒன்று. காட்டோரத்தில் தண்ணீர்ப் பீப்பாயும் சவர்க்காரமும் கேட்டேன், நிர்வாகம் மறுத்தது. ஆபீஸ் கழிவறைச் செலவில் சவர்க்காரக் கணக்கை எழுதி அங்கே அனுப்பினேன். பொய்க் கணக்குத்தான். அதற்கு நான் வருந்தவில்லை.

லயத்துப் பையன்:

என் அனுபவம் இவ்வளவு கௌரவமானதல்ல. இளைஞர் மன்றத்தில் ஆற்றைச் சுத்தம் செய்யக் கொத்தோங் ரோயோங் என்ற கூட்டுப் பணி வைத்தோம். ஒரே நிறச் சட்டை, பேனர், நாசி லெமாக் சாப்பாடு, நூற்றுக்கணக்கில் படம். அள்ளிய குப்பையை 60 பையில் கட்டிக் கரையில் அடுக்கினோம். லாரிக்குச் சொல்வது என் பொறுப்பு. நான் பேனர் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் நாய் கிழித்தது, ஐந்தாம் நாள் மழை, எல்லாம் பழையபடி ஆற்றுக்குள். படம் மட்டும் இன்னும் முகநூலில் இருக்கிறது.

அக்கா, அந்த நோட்டுக்குக் கட்டம் எப்படிப் போட்டீர்கள்? எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னாலும் இப்போது ராத்திரியில் எரிகிறது.

கோல லங்காட்டு அக்கா:

தம்பி, கட்டம் ஒன்றும் பெரிதில்லை, பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன். வாடை வராத இரவையும் எழுது. "மழை, எரிக்கவில்லை" என்று நாங்கள் எழுதியிருந்த பக்கங்களைப் பார்த்துத்தான் அந்த அதிகாரி மற்றப் பக்கங்களை நம்பினார். பின்னிரவுக்கு ஓர் ஆளை இப்போதே பிடித்து வை.