செக்கடித் தெரு குடும்பம்: நான்டக்கெட் பேச்சு

சனிக்கிழமை

சித்தி, இரவு 7:12
பாப்பா, போன வாரம் நீங்கள் போன தீவின் பெயர் என்ன? ஆகஸ்ட்டில் நாங்கள் நியூஜெர்சியிலிருந்து அந்தப் பக்கம் வருகிறோம், அத்தையும், அதாவது உன் பாட்டியும், கூட வருகிறார்கள். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. கடற்கரையா, மியூசியமா, எதற்குப் போகலாம் என்று நீயே சொல்லிவிடு. அத்தைக்கு முட்டி வலி, அதையும் மனதில் வைத்துக்கொள்.

நான், 7:20
நான்டக்கெட் சித்தி. மாசசூசெட்ஸில் இருக்கும் கேப் காடுக்குத் தெற்கே 48 கிலோமீட்டர் கடலுக்குள் இருக்கிறது. கேப் காடில் ஹயானிஸ் என்ற ஊரில் காரை விட்டுவிட்டுக் கப்பல் ஏற வேண்டும். பெரிய கப்பலில் இரண்டே கால் மணி நேரம், வேகப் படகில் ஒரு மணி நேரம். கடற்கரை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஒரு நாள்தான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய கட்டடங்களுக்கே போங்கள். அங்கே அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்னால் கட்டின வீடுகள் மட்டும் 800க்கு மேல் நிற்கின்றன, எல்லாம் சாம்பல் நிறம் ஏறிய மரவீடுகள், அவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நான், 7:29
முதலில் பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் திமிங்கல வேட்டை மியூசியம். கப்பல் துறையிலிருந்து நடந்தே போகலாம். உள்ளே ஒரு கூடத்தில் தலைக்கு மேல் 46 அடி எலும்புக்கூடு தொங்குகிறது, எண்ணெய்த் திமிங்கலம், 1998 புத்தாண்டு அன்று அதே தீவில் சியாஸ்கான்செட் கரையில் ஒதுங்கி இறந்தது. கூடவே வேட்டைக்குப் போன படகு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். படகு அந்தத் திமிங்கலத்தைவிடச் சின்னது சித்தி. அதில் ஆறு பேர் துடுப்புப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் ஈட்டி எறிவார்களாம், ஈட்டியில் கட்டின கயிறு ஓட ஓட அது படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமாம். அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது, சின்னவன் என் கையை விடவே இல்லை.

அம்மா, 7:33
ஐயோ பாவம், அவ்வளவு பெரிய உயிரை எதற்குக் கொல்ல வேண்டும்?

நான், 7:34
விளக்கெரிக்கத்தான் அம்மா. அப்போது மண்ணெண்ணெய் இல்லையே.

பெரியப்பா, 7:41
காலை வணக்கம். இங்கே நம் ஊரில் இப்போதுதான் விடிந்தது, எழுந்ததும் எல்லாவற்றையும் படித்தேன். பாப்பா, மீனில் எண்ணெய் எடுப்பது தெரியும், திமிங்கலத்தில் எப்படி எடுத்தார்கள்? ஆட்டினார்களா, காய்ச்சினார்களா?

நான், 7:52
பெரியப்பா, நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அங்கே நின்றபோது உங்கள் நினைவுதான் வந்தது. இரண்டும் செய்தார்கள். உடம்புக் கொழுப்பைக் கப்பலிலேயே செங்கல் அடுப்புக் கட்டி இரும்புக் கொப்பரையில் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றிவிடுவார்கள். தலைக்குள் இருப்பது வேறு சரக்கு, அதைத் தனியாக எடுத்துவைத்து ஊருக்குக் கொண்டு வருவார்கள். அந்த மியூசியம் கட்டடமே 1847இல் கட்டின, ஹாட்வென், பார்னி என்ற இருவர் நடத்திய மெழுகுவத்தித் தொழிற்சாலைதான். அதற்கு முந்தைய வருஷம் ஜூலை 13 ராத்திரி பிடித்த தீயில் ஊரின் நடுப்பகுதி முழுக்கக் கருகிவிட்டது, அதற்கப்புறம் கட்டினது. உள்ளே ஒரு பிழிபொறி அது இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஒரு பெரிய மர உத்திரத்தை நெம்புகோலாக வைத்து, அடியில் சரக்கு மூட்டையை வைத்து அழுத்துவது.

பெரியப்பா, 7:55
செக்கு இல்லை, பிழிபொறி. சரி. சூடாகப் பிழிந்தார்களா, ஆறவைத்தா?

நான், 8:06
அதுதான் பெரியப்பா அந்தத் தொழிலின் சூட்சுமம். இலையுதிர் காலத்தில் தலைச் சரக்கைச் சூடாக்கி, தண்ணீரையும் அழுக்கையும் போக்கி, பீப்பாயில் அடைத்துக் குளிர்காலம் முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். அது உறைந்து பஞ்சு மாதிரி கட்டியாகிவிடும். அதை வாரிக் கம்பளிப் பைகளில் போட்டு அந்தக் குளிரிலேயே பிழிவார்கள். அப்போது வழிகிற எண்ணெய் எந்தக் குளிரிலும் லேசில் உறையாது, அதற்குத்தான் நல்ல விலை, கலங்கரை விளக்கங்களுக்கெல்லாம் போனது. பையில் நின்றதை மறுபடி சூடாக்கி வசந்தத்தில் ஒரு பிழி. அதிலும் நின்றதை வெயில் காலம் வரை வைத்திருந்து இன்னும் இறுக்கி ஒரு பிழி. மூன்று பிழிக்கு அப்புறம் எண்ணெய்ப் பசையே இல்லாமல் ஒரு மெழுகு நிற்கும், அதைச் சோப்புக்குப் போடுகிற மாதிரிக் காரம் போட்டுக் காய்ச்சி வெளுக்க வைத்து அச்சில் ஊற்றினால் மெழுகுவத்தி. அடுப்பு அல்ல, பருவம்தான் அங்கே வேலை செய்திருக்கிறது.

பெரியப்பா, 8:11
அப்படியானால் கடைசியில் நின்றது பிண்ணாக்கு. நான் 40 வருஷம் எள்ளும் கடலையும் ஆட்டினேன், எண்ணெய்க்கு விலை, பிண்ணாக்கு மாட்டுக்கு. அங்கே பிண்ணாக்கையும் மேஜையில் ஏற்றி வைத்து வெளிச்சம் கண்டிருக்கிறார்களே. எதையும் வீணாக்காத ஆட்கள்தான். முதல் பிழி தனி, மறு பிழி தனி என்று பிரித்து விற்றதும் சரியான தொழில் முறை.

அண்ணன், 8:15
பாப்பா, அந்த மெழுகுவத்திதான் பழைய வெளிச்ச அளவுக்கே அடிப்படை. 1860இல் இங்கிலாந்தில் சட்டம் போட்டார்கள்: ஒரு பவுண்டில் ஆறில் ஒரு பங்கு எடையுள்ள திமிங்கல மெழுகுவத்தி, மணிக்கு 120 கிரெய்ன் (பழைய சின்ன எடை அளவு) வீதம் எரிந்தால் வரும் வெளிச்சம்தான் ஒரு கேண்டில்பவர். அப்புறம் ஒன்று, நம் ஊர்ச் செய்திகளில் கடத்தல் என்று அடிக்கடி வருகிறதே அம்பர்கிரிஸ், அதுவும் இதே எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவதுதான், எல்லோரும் வாந்தி என்று எழுதுகிறார்கள்.

சித்தி, 8:18
நீங்கள் எல்லாம் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டீர்கள். அத்தையை எங்கே உட்கார வைப்பது, அதைச் சொல் முதலில்.

நான், 8:27
சொல்கிறேன் சித்தி. மெயின் ஸ்ட்ரீட் முழுக்க உருளைக்கல் பாவிய தெரு, அதில் பாட்டியை நடக்க விடாதீர்கள். எங்கள் தள்ளுவண்டிச் சக்கரமே அதில் ஆட்டம் கண்டுவிட்டது, பாதி தூரம் என் வீட்டுக்காரர் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபேர் ஸ்ட்ரீட்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவச் சபையினரின் தொழுகைக் கூடம் ஒன்று இருக்கிறது, 1838இல் கட்டினது, அங்கே உட்காரட்டும். பீடம் கிடையாது, படம் கிடையாது, பாட்டு கிடையாது, வெறும் மர பெஞ்சுகள், வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். தீவின் பெரிய எண்ணெய் வியாபாரிகளில் பலர் அந்தச் சபைக்காரர்கள். உலகத்துக்கே வெளிச்சம் விற்றவர்கள் கும்பிடும் இடத்தை இப்படி வெறுமையாக வைத்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. பேசாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம், சின்னவன்கூட.

அம்மா, 8:30
ஆண்கள் எல்லாம் கடலில் என்றால் வீட்டை யார் பார்த்தார்கள்?

நான், 8:41
அம்மா, ஒரு பயணம் மூன்று வருஷம், நாலு வருஷம்கூட ஆகும். பசிபிக் வரை போய்விட்டு வர வேண்டும். அதுவரை கடை, கணக்கு, கடன், பிள்ளை எல்லாம் பெண்கள்தான். சென்டர் ஸ்ட்ரீட்டில் வரிசையாகப் பெண்கள் நடத்திய கடைகள் இருந்ததால் அந்த இடத்துக்குப் பெட்டிகோட் ரோ என்றே பெயர். வீடுகளின் கூரை மேல் சின்ன மேடை கட்டியிருப்பார்கள், புருஷன் கப்பல் வருகிறதா என்று மனைவி நின்று பார்க்கத்தான் என்று சொல்லுவது வழக்கம். உண்மையில் புகைபோக்கியில் தீப்பிடித்தால் ஏறி மணலையும் தண்ணீரையும் கொட்டி அணைக்கத்தான் அது. ஆனால் மேலே ஏறினால் கடல் தெரியும்தானே, பார்க்காமலா இருந்திருப்பார்கள்.

அண்ணன், 8:44
எஸ்ஸெக்ஸ் கப்பல் அந்த ஊர்தானே? திமிங்கலம் மோதி மூழ்கடித்தது?

நான், 8:56
ஆமாம் அண்ணா. 1820 நவம்பர் 20, பசிபிக்கின் நடுவில். 20 பேர் மூன்று சின்னப் படகுகளில் ஏறினார்கள், கடைசியில் உயிரோடு வந்தது 8 பேர். இறந்தவர்களின் உடலைத் தின்றுதான் பிழைத்தார்கள், அதைச் சின்னவனிடம் நான் சொல்லவில்லை. மியூசியத்துக்காரர்களிடம் ஒரு சின்னத் துண்டுக் கயிறு இருக்கிறது, அந்தப் படகில் இருந்த பெஞ்சமின் லாரன்ஸ் கரை காணாமல் மிதந்த நாட்களில் நூலைத் திரித்துத் திரித்துச் செய்தது. விரல் நீளம்கூட இருக்காது. சுமார் மூன்று மாதம், தண்ணீர் இல்லை, சோறு இல்லை, அந்தக் கை சும்மா இருக்காமல் கயிறு திரித்திருக்கிறது. 46 அடி எலும்புக்கூட்டை மறந்தாலும் மறப்பேன், அதை மறக்க மாட்டேன். அந்தக் கப்பலின் கேப்டன் ஜார்ஜ் பொல்லார்டுக்கு அடுத்த கப்பலும் பாறையில் மோதி உடைந்தது. அதற்கப்புறம் கடல் வேண்டாம் என்று ஊரிலேயே இரவுக் காவல்காரராக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை

சித்தி, காலை 9:05
நேற்று நீ எழுதினதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். மியூசியம், தொழுகைக் கூடம் இரண்டும் முடிவாகிவிட்டது. இன்னும் இரண்டு இடம் சொல்.

நான், 9:18
சன்செட் ஹில் மேல் இருக்கும் பழைய வீடு. 1686இல் கட்டினது, ஜெத்ரோ காஃபின், மேரி கார்ட்னர் என்ற புதுத் தம்பதிக்குக் கல்யாணச் சீர். இரண்டு குடும்பமும் அரசியலில் எதிரும் புதிருமாக இருந்தவை, கல்யாணத்துக்கு நிலம் பெண் வீட்டார் கொடுத்தார்கள், மரம் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தார்கள். புகைபோக்கியில் செங்கல்லாலேயே குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், கண்ணில் படாமல் போகாது. 1987இல் மின்னல் விழுந்து புகைபோக்கி இடிந்து மறுபடி கட்டினார்கள். மேட்டில் இருக்கிறது, பாட்டியை டாக்சியில் கூட்டிப் போங்கள். 1746இல் கட்டின காற்றாலையும் இருக்கிறது, அது இன்றும் மக்காச்சோளம் அரைக்கக்கூடியது, பெரியப்பாவுக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே நாளில் எல்லாம் முடியாது.

நான், 9:33
ஆனால் சித்தி, ஒன்றை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் துறைமுகத்தையும் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். கொஞ்சம் உள்ளே போனால் யார்க் ஸ்ட்ரீட் முனையில் ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ். 1820களில் அந்தத் தீவின் கறுப்பின மக்கள் கட்டினது, கோயிலும் அதுதான், பள்ளிக்கூடமும் அதுதான். அப்சலம் பாஸ்டன் என்ற கேப்டன் 1822இல் முழுக்கக் கறுப்பின மாலுமிகளையே வைத்து இண்டஸ்ட்ரி என்ற கப்பலில் வேட்டைக்குப் போய் ஒருவரையும் இழக்காமல் திரும்பினார். அந்தப் பள்ளியில் படித்த யூனிஸ் ராஸ் 1840இல் உயர்நிலைப் பள்ளிக்குத் தேர்வு எழுதித் தேறியும், கறுப்பு நிறம் என்று ஊர்க் கூட்டத்தில் வேண்டாம் என்றார்கள். அந்த ஜனங்கள் விடவில்லை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திப் போராடினார்கள், மனு போட்டார்கள், 1845இல் மாசசூசெட்ஸ் மாநிலமே, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காமல் ஒதுக்குவதற்கு எதிராகச் சட்டம் போட்டது. அந்த ஒரே அறையில் நின்றுகொண்டு இதை மகளுக்குச் சொன்னேன், அவள் ‘தேறின பிறகும் சேர்க்கலையா’ என்று இரண்டு முறை கேட்டாள்.

அம்மா, 9:37
அதை அவளுக்குச் சொன்னது நல்லது.

அண்ணன், 9:40
முதலில் அங்கே இருந்த வாம்பனோக் மக்கள்?

நான், 9:47
1763, 64இல் வந்த கொள்ளைநோயில் 222 பேர் போய்விட்டார்கள் அண்ணா, இருந்ததே அதற்குள் 358 பேராகக் குறைந்திருந்தார்கள். ஆரம்ப கால வேட்டைப் படகுகளில் துடுப்புப் போட்டவர்களில் நிறையப் பேர் அவர்கள், பலரும் கடனுக்காகப் பிடித்து ஏற்றப்பட்டவர்கள். பெரிய வீடுகள் கேப்டன் பெயரிலும் வியாபாரி பெயரிலும் நிற்கின்றன, இவர்களுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. அதனால்தான் யார்க் ஸ்ட்ரீட்டுக்கு நடக்கச் சொல்கிறேன்.

சித்தி, 9:52
சரி, போகிறோம். டாக்சி வைத்தாவது போகிறோம். பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது?

நான், 10:01
மெயின் ஸ்ட்ரீட் தலைமாட்டில் பசிபிக் பேங்க் என்ற செங்கல் கட்டடம். அதன் கூரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்துத்தான் 1847 அக்டோபர் 1 ராத்திரி மரியா மிட்செல் என்ற அந்த ஊர்ப் பெண் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார், டென்மார்க் ராஜா தங்கப் பதக்கம் கொடுத்தார். அவர் வீடு வெஸ்டல் ஸ்ட்ரீட்டில். திரும்பும்போது பிராண்ட் பாயிண்ட் கலங்கரை விளக்கம் தாண்டுகிற இடத்தில் எல்லோரும் கப்பலிலிருந்து காசு போடுவார்கள், போட்டால் மறுபடி வருவோம் என்று நம்பிக்கை. பிள்ளைகளிடம் சில்லறை கொடுத்து வையுங்கள்.

பெரியப்பா, 10:20
எல்லாம் படித்தேன். அவ்வளவு பெரிய தொழில் எப்படி நின்றது?

நான், 10:29
பல அடி ஒன்றாக விழுந்தது பெரியப்பா. துறைமுக வாயிலில் மணல் மேடு, பெரிய கப்பல் உள்ளே வர முடியவில்லை, ரயில் வசதி இருந்த நியூபெட்ஃபோர்டுக்குத் தொழில் போய்விட்டது. அப்புறம் தீ. 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். 1859இல் பென்சில்வேனியாவில் பூமிக்குள்ளிருந்தே எண்ணெய் எடுத்துவிட்டார்கள். 1869இல் கடைசி வேட்டைக் கப்பல் கிளம்பியது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லாததால்தான் அந்த வீடுகள் இன்று அப்படியே இருக்கின்றன.

பெரியப்பா, 10:36
நம் தெருவில் ரோட்டரி மில் வந்தபோது நானும் பார்த்தேன். நம் செக்கு வாகை மரம், அதை நான் விற்கவில்லை, பின்கட்டில் கிடக்கிறது, உனக்குத் தெரியும். அந்த உத்திரம் என்ன மரம் பாப்பா?

நான், 10:38
கேட்கவில்லையே பெரியப்பா.

சித்தி, 10:40
நான் கேட்டுக்கொண்டு வருகிறேன் அத்தான். மரத்தின் வகை, உத்திரத்தின் நீளம் இரண்டும். வேறு என்ன வேண்டும்?

பெரியப்பா, 10:44
அழுத்தும் இடத்தில் மரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பக்கத்தில் போய் ஒரு படம் எடு.