1973ல பார்த்த மரத்துக்கு 2021லதான் பேரு, 48 வருஷம் என்னதான் பண்ணாங்க?

மழைக்காகம்:
ஒரு டவுட் மக்களே. பெரு நாட்டுல மனு தேசியப் பூங்கான்னு அமேசான் காடு ஒன்னு இருக்குல்ல, அங்க ராபின் ஃபாஸ்டர்னு ஒரு தாவரவியல்காரர் 1973ல காட்டுப்பாதை ஓரமா ஒரு குட்டி மரத்த பார்த்திருக்காரு. இருபதடி உசரம்தான் இருக்கும், பழம் மட்டும் ஆரஞ்சு கலர்ல காகித லாந்தர் தொங்குற மாதிரி. நம்மூரு சொடக்குத் தக்காளி கூடு இருக்குமே, அந்த ஷேப்பு. கிளைய வெட்டி காயவச்சு கையோட கொண்டும் வந்துட்டாரு. ஆனா 'எனிக்மானு அல்வரேசியே'ன்னு பேர் வச்சது 2021ல! எங்க சித்தப்பாவோட வரப்புத் தகராறு கேஸே இவ்ளோ நாள் இழுக்கலங்க. மரம் கைல இருக்கு, படிச்சவங்க இருக்காங்க, அப்புறம் என்ன? புது இனம்னு யாருதான் முடிவு பண்றது, அதுக்குன்னு ஆபீஸ் ஏதும் இருக்கா? கூகுள் லென்ஸ்ல காமிச்சு ஒன்னும் வரலன்னா புதுசுன்னு அர்த்தமா? சிரிக்காதீங்க, நெஜமாவே கேக்குறேன்.

ஷீட்டு ஒட்டி:
ஆபீஸ்லாம் கெடையாது. தாவரங்களுக்கு பேர் வைக்க ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கு, அதுபடி முறையா வெளியிட்டா யார் வேணா பேர் வைக்கலாம். 'இது புதுசு'ன்னு சொல்றது ரெண்டு நிமிஷ வேலை, 'இது ஏற்கனவே தெரிஞ்ச எதுவும் இல்ல'ன்னு காமிக்கிறதுதான் உசுர வாங்கும்.

சாதாரணமா என்ன நடக்கும்னா, ஒரு கிளைய பார்த்ததும் அனுபவசாலி 'இது சீத்தா குடும்பம்', 'இது காப்பி குடும்பம்'னு சொல்லிருவாங்க. ஹெர்பேரியம்னு காஞ்ச செடி கொடிய பேப்பர் ஷீட்டுல ஒட்டி சேத்து வைக்கிற எடம் இருக்கு, அங்க அலமாரி எல்லாம் குடும்ப வாரியா இருக்கும், அந்த அலமாரிய தொறந்து ஷீட்டு ஷீட்டா ஒப்பிட்டுப் பார்க்கணும். இந்த மரத்துல சிக்கலே அங்கதான், எந்தக் குடும்பம்னே யாருக்கும் புடிபடல. பழம் ஒரு பக்கம் இழுக்குது, பூ ரொம்ப பொடிசு. எந்த அலமாரிய தொறப்பீங்க? காஞ்ச இலைலேர்ந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தாங்க, வேலைக்கு ஆகல. பச்சையா ஒரு சாம்பிள் வேணும், ஆனா மரம் மனு காட்டுல.

கடைசியில மனு காட்டுல வருஷக்கணக்கா வேலை பார்த்த பாட்ரிசியா அல்வாரஸ்-லோயாசா அத தேடிப் புடிச்சு புது சாம்பிள் அனுப்புனாங்க, சிகாகோ ஃபீல்ட் மியூசியத்துல ரிக் ரீ டிஎன்ஏ பார்த்தாரு. பிக்ராம்னியேசியேன்னு ஒரு சின்னக் குடும்பம், அமெரிக்கக் கண்டத்து வெப்பக் காடுகள்ல மட்டும் இருக்குறது, அதுல போய் விழுந்துச்சு. அந்தக் குடும்பத்து மரங்க வழக்கமா இப்படி இருக்கவே இருக்காது, அதனாலதான் யாரும் அந்தப் பக்கம் யோசிக்கல. அப்புறம் நியூயார்க் தாவரவியல் பூங்காவுல அந்தக் குடும்பத்த நல்லா தெரிஞ்ச வெய்ட் தாமஸ் அந்த பூவ உத்துப் பார்த்துட்டு, ஆமா ஒத்துப்போகுதுன்னாரு. தெரிஞ்ச பேரினம் (ஒரு குடும்பத்துக்குள்ள நெருங்குன இனங்கள சேத்த குழு) எதுலயும் அடங்காததால பேரினமே புதுசா போட வேண்டியதாச்சு.

48 வருஷம் ரொம்ப விசேஷம்லாம் இல்லங்க. 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, பூக்கும் தாவரங்கள்ல புது இனமா விவரிச்சதுல மொதல்ல சேகரிச்ச அஞ்சு வருஷத்துக்குள்ள விவரிச்சது வெறும் 16 சதவீதம். கிட்டத்தட்ட கால்வாசில 50 வருஷத்துக்கும் பழைய ஷீட்டு சம்பந்தப்பட்டிருக்கு. பாதி கண்டுபிடிப்பு அலமாரிலதான் நடக்குது.

நான் ரெண்டு வருஷம் ஒரு ஹெர்பேரியத்துல ஷீட்டு ஒட்டுற வேலை பார்த்தவன். பேப்பருக்கு நடுவுல கிளைய வைக்கும்போது ஒரு இலைய மட்டும் திருப்பிப் போடணும், இல்லன்னா ஒட்டினதுக்கு அப்புறம் அடிப்பக்கம் ரோமம் இருக்கா நரம்பு எப்படி ஓடுதுன்னு ஆயுசுக்கும் பார்க்க முடியாது. உதிர்ந்த பூவ சின்ன காகித உறைல போட்டு ஓரமா ஒட்டணும். காஞ்சா எல்லாமே பழுப்பாயிரும், அதனால பூ கலர், பட்டைய கீறினா பால் வருதா, என்ன வாசன, இதெல்லாம் அங்கயே நோட்டுல எழுதியாகணும். ஒரு பழைய ஷீட்டு கைக்கு வந்துச்சு, அருமையான காய் எல்லாம் இருக்கு, லேபிள்ல 'மரம். பூ வெள்ளை'ன்னு மட்டும் எழுதியிருந்தாரு ஒரு மகராசன். எந்த மலை, எவ்ளோ உசரம், ஒன்னும் இல்ல. அத வச்சு என்ன பண்ண, நாக்கு வழிக்கவா?

வெட்டி ஆபீசர்:
சரிண்ணே, நான் ஒரு மரத்த கண்டுபிடிச்சா என் பேரயே வச்சுக்கலாமா? சினிமா நடிகர் பேர்லாம் வைக்கிறாங்களே 😄

காட்டுவாசி:
உங்க பேர நீங்களே வச்சா விதிப்படி தப்பில்ல, ஆனா எல்லாரும் சிரிப்பாங்க. மத்தவங்க பேர வைக்கிறதுதான் மரபு. வழக்கமா ஆம்பள பேருன்னா கடைசில 'இ', பொம்பள பேருன்னா 'ஏ' வரும், அப்படியே பேர வைக்கிறதும் உண்டு. அல்வரேசியேல 'ஏ' வந்தது பாட்ரிசியா அம்மாவுக்காக. 'எனிக்மா' புதிர், கூட 'மனு', அவ்ளோதான் பேரு.

நீங்க சொல்ற நடிகர் மரம் கேமரூன்ல எபோ காட்டுல இருக்கு, 'உவாரியாப்சிஸ் டிகாப்ரியோ', 2022ல வந்துச்சு. நம்ம சீத்தாப்பழக் குடும்பம், நாலு மீட்டர்தான், பலா காய்க்கிற மாதிரி அடிமரத்துலயே மஞ்சப்பச்சையா பூ. மொத்தமே 50 மரத்துக்கும் கம்மின்னு கணக்கு. அந்தக் காட்டுல மரம் வெட்ட திட்டம் போட்டாங்க, எதிர்ப்பு கெளம்புனப்ப ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவும் குரல் குடுத்தாரு, 2020ல திட்டம் ரத்தாச்சு. அந்த நன்றிக்குத்தான் பேரு. விளம்பரம்னு திட்டலாம், நான் திட்ட மாட்டேன், பேரே இல்லாத மரத்த, அழியுற ஆபத்துல இருக்குற உயிரினங்களோட சிவப்புப் பட்டியல்ல ஏத்துறது ரொம்ப அபூர்வம், பட்டியல்ல இல்லன்னா அதுக்காக யாரு வாதாடுவா?

ஆனா 'கண்டுபிடிச்சாங்க'ங்கற வார்த்தை மட்டும் எனக்கு உறுத்தும். அந்த மனு மரத்த அந்தப் பக்கத்து பழங்குடியான மச்சிகெங்கா மக்கள் முன்னாடியே பயன்படுத்திட்டுதான் இருந்தாங்க. புதுசு நமக்குத்தான்.

மழைக்காகம்:
சூப்பர் ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப பேர் வைக்க குறைஞ்சபட்சம் என்ன வேணும்? லென்ஸ் மேட்டருக்கு யாரும் பதில் சொல்லல பாருங்க.

ஷீட்டு ஒட்டி:
லென்ஸ் தெரியலன்னு சொல்றது ரொம்ப அபூர்வம், எதையாச்சும் அடிச்சு விடும், அதான் பிரச்சனையே.

பேருக்கு வேணும்னா, மத்த சொந்தக்கார இனங்கள்லேர்ந்து இது எதுல வேறன்னு ஒரு குறிப்பு எழுதணும். முன்னாடி லத்தீன்லதான் எழுதியாகணும், 2012லேர்ந்து இங்கிலீஷும் ஓகே. அப்புறம் ஒரே ஒரு ஷீட்ட 'இதான் மூல மாதிரி'ன்னு காட்டி, எந்த ஹெர்பேரியத்துல இருக்குன்னு எழுதணும். பேரு அந்த ஷீட்டோடதான் கட்டியிருக்கும். நாளைக்கு யாராச்சும் ஒன்னு நெனச்சது ரெண்டு இனம்னு பிரிச்சாலும், அந்த ஷீட்டு எந்தப் பக்கம் போகுதோ பேரும் அந்தப் பக்கம்.

மழைக்காகம்:
கேட்டதுக்கு காரணம் இருக்கு 🙈 போன வருஷம் ஒரு மலைக்காட்டுலேர்ந்து எடுத்த இலை ஒன்னு என் டைரிக்குள்ள இருக்கு, கூட வந்த யாருக்கும் என்ன மரம்னு தெரியல.

ஷீட்டு ஒட்டி:
எந்தக் காடுன்னு இங்க எழுதிறாதீங்க, அனுமதி இல்லாம எடுத்தா கேஸ் ஆகும். பூ, காய் ஏதும் இருக்கா?

மழைக்காகம்:
இல்ல, ஒரே ஒரு இலைதான்.

ஷீட்டு ஒட்டி:
அப்ப பக்கம் பார்க்க அடையாளமா வச்சுக்கோங்க.