வெள்ளிக்கிழமை பூஜ்யம்: மீன் கணக்குக்குத் தனி ஆணையம் வேணுமா?

மண்டபம்முனை:
பக்கத்துக் குழுவுல ஒருத்தர் போட்ட பதிவு ரெண்டு நாளா எல்லா வாட்ஸப்லயும் சுத்துது. "ராமேஸ்வரத்துல வெள்ளிக்கிழமை விசைப்படகு கரைக்கே வராது. அன்னைக்குப் போய் நின்னு பூஜ்யம்னு எழுதி, அதை முப்பதால பெருக்கி மாவட்டத்து மீன் கணக்குன்னு அனுப்புறாங்க. அரசாங்கத்துக்குக் கட்டுப்படாத தனி ஆணையம் வந்தாத்தான் உருப்படும்." இதான் பதிவு. நானூறு பேர் கைதட்டிட்டும் போயிருக்காங்க.

ஆணையம் கேளுங்க, யாரும் வேண்டாங்கல. கணக்கு எப்படி எடுக்குறாங்கன்னே தெரியாம மேற்பார்வைக்கு ஆள் கேக்குறதுதான் எரிச்சலா இருக்கு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1947ல நம்ம மண்டபம் கேம்ப்ல ஆரம்பிச்சது, தலைமையகம் 1971ல கொச்சிக்குப் போச்சு. அவங்க முறை இது: கடற்கரையை மண்டலம் மண்டலமாப் பிரிப்பாங்க. ஒரு மண்டலத்துல மீன் இறக்குற இடம், அதாவது இறங்குதளம், 20 இருக்குன்னு வைங்க. ஒரு தளத்துல ஒரு நாள்ங்கிறது ஒரு தள-நாள், 30 நாள் மாசத்துக்கு 600 தள-நாள். மாசத்தைப் பத்துப் பத்து நாளா மூணாப் பிரிச்சு, முதல் பத்துல முதல் அஞ்சு நாள்ல ஒண்ணைக் குலுக்கல்ல எடுப்பாங்க. அதுலருந்து தொடர்ச்சியா ஆறு நாள், ரெண்டு ரெண்டு நாளா மூணு ஜோடி, ஜோடிக்குக் குலுக்கல்ல ஒரு தளம். மத்த ரெண்டு பத்துலயும் அதே ஜோடிகள் பத்துப் பத்து நாள் தள்ளி வரும். முதல் நாள் மதியம் 12லருந்து 6 வரை, மறுநாள் காலை 6லருந்து 12 வரை நேர்ல பார்க்கணும். இடையில ராத்திரி இறங்குனதை விசாரிச்சு எழுதணும். அது ஒரு தள-நாள். மாசத்துக்கு ஒன்பது. பெரிய துறைமுகத்தைத் தனி மண்டலமாவே வச்சுக் கூடுதல் நாள் பார்ப்பாங்க. இதுல வெள்ளிக்கிழமை எங்கேருந்து வந்துச்சு?

தங்கச்சிமடம்_டோக்கன்:
அந்தப் பதிவைப் போட்டது நான்தான் அண்ணே. நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாம்.

நீங்க சொன்ன கணக்கையே எடுத்துக்குறேன். 600க்கு 9. நூத்துக்கு ஒண்ணரை. திங்கள், புதன், சனி விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில கரைக்குத் திரும்பும். உங்க ஒன்பதுல ஒண்ணு வெள்ளிக்கிழமையில விழுந்தா அன்னைக்கு விசைப்படகு மீன் எவ்வளவு? பூஜ்யமா இல்லையா? ஒத்தை வார்த்தையில பதில் சொல்லுங்க.

மண்டபம்முனை:
பூஜ்யம்தான். அது பொய்ப் பூஜ்யம் இல்ல, நிஜப் பூஜ்யம். படகு வராத நாள்ல வரலன்னுதான் எழுதணும். இலங்கைக் கடற்படை கைது பண்ணதைக் கண்டிச்சு வேலைநிறுத்தம் நடந்தாலும் அதே கதை. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துலயும் விசைப்படகுக்கு அதே பூஜ்யம்தான். அதுக்கும் ஆணையம் கேப்பீங்களா?

உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. ஜோடி திங்கள்-செவ்வாய்னா செவ்வாய் காலை இறங்குறது கண்ணுல படும். புதன்-வியாழன் படும். சனி-ஞாயிறு படும். செவ்வாய்-புதன்ல செவ்வாய் மதியத்துக்கு மேலதான் ஆள் வந்து நிப்பார், மீன் அதுக்குள்ள போயிருக்கும், படாது. வியாழன்-வெள்ளி, வெள்ளி-சனி, ஞாயிறு-திங்கள் படாது. ஆக ஏழு ஜோடிக்கு மூணு. படகு கரை பிடிக்கிறதும் வாரத்துல ஏழுக்கு மூணு நாள்தான். வெள்ளியில குறையுறதை வியாழன் ஈடு கட்டிரும். மண்டலம் மொத்தத்துக்கு, வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தா கணக்கு ஒரு பக்கமாச் சாயாது.

தங்கச்சிமடம்_டோக்கன்:
மண்டலம் மொத்தத்துக்கு, வருஷம் முழுக்க! எங்க ஊருக்கு, இந்த மாசத்துக்கு?

மண்டபம்முனை:
ஒரு தளத்துக்கு மாசத்துல ஒரு ஜோடிதான் விழுந்துச்சுன்னா, ஏழுக்கு நாலு வாய்ப்புல பூஜ்யம் வரும். மீதி மூணுல உண்மைச் சராசரியைவிட ரெண்டு மடங்குக்கு மேல, 7/3 மடங்கு, ஏறி வரும். அதனால அந்தத் தள அளவு எண்ணை மாசக் கணக்கா எடுத்துக்கிட்டுச் சண்டை போடக்கூடாது. அந்த முறை அதுக்காகச் செஞ்சது இல்ல.

தங்கச்சிமடம்_டோக்கன்:
அப்ப வெள்ளிக்கிழமைன்னு நான் சொன்னது சரிதானே? இதை ஒத்துக்கவா ரெண்டு பக்கம் எழுதுனீங்க?

கீழக்கரை_காக்கா:
ரெண்டு பேரும் கிழமையைக் கட்டிக்கிட்டு அழுறீக. கேள்வி வேற. கணக்கு எடுக்குறதும் அரசாங்கம், அதை வச்சு மானியம் குடுக்குறதும் அரசாங்கம், எப்ப வெளியிடலாம்னு முடிவு பண்றதும் அரசாங்கம். நடுவுல நின்னு கேள்வி கேக்க யாரு இருக்கா?

நாட்டோட புள்ளியியல் முறையை ஆராய மத்திய அரசு போட்ட ரங்கராஜன் ஆணையம் 2001லேயே சட்ட அந்தஸ்தோட ஒரு தேசியப் புள்ளியியல் ஆணையம் வேணும்னு எழுதிக் குடுத்துச்சு. 2005ல வெறும் அரசுத் தீர்மானமாப் போட்டு, 2006ல ஆளை நியமிச்சாக. சட்டம் வரல. அதனால என்ன ஆச்சுன்னு 2019 ஜனவரியில பார்த்தோம். 2017-18 வேலைவாய்ப்பு அறிக்கைக்கு ஆணையம் ஒப்புதல் குடுத்த பிறகும் அது வெளிய வரல. ஆணைய உறுப்பினர்கள் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா பண்ணாக. தேர்தல் முடிஞ்சு மே 31ல அறிக்கை வந்துச்சு, வேலையின்மை 6.1 சதவீதம். அதே 2017-18 நுகர்வோர் செலவுக் கணக்கெடுப்பைத் தரம் சரியில்லன்னு வெளியிடவே மாட்டேன்னுட்டாக. இப்படி ஒரு ஊர்ல மீன் கணக்கை மட்டும் எந்த நம்பிக்கையில தலையாட்டி ஏத்துக்குறது? பிரிட்டனைப் பாருங்க, 2007ல சட்டம் போட்டு, நேரா நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ற அமைப்பை வச்சிட்டாக.

மண்டபம்முனை:
காக்கா, பிரிட்டன்னு ஆரம்பிச்சா முழுசாச் சொல்லுங்க. அந்தச் சட்டமும் கண்காணிப்பு அலுவலகமும் இருக்கும்போதேதான் 2023 அக்டோபர்ல தொழிலாளர் கணக்கெடுப்பு எண்ணை வெளியிட முடியாம நிறுத்தினாங்க. காரணம் அரசியல் தலையீடு இல்ல. கதவைத் தட்டினா பதில் சொல்ல ஆள் இல்ல. பதில் சொன்னவங்க நூத்துக்கு 17 பேர்ங்கிற அளவுக்கு இறங்கிருச்சு. மேற்பார்வைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தாலும் களத்துல ஆள் இல்லன்னா எண் வராது.

கிரீஸ் இன்னும் மோசம். அங்க புள்ளியியல் நிறுவனத் தலைவரா இருந்த ஆந்திரேயாஸ் கியோர்கியு 2009 அரசு பட்ஜெட் பற்றாக்குறையை 15.4 சதவீதம்னு திருத்தினார். ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் அதை ஏத்துக்கிச்சு. அவர்மேலதான் வழக்கு. 2017ல தண்டனையும் குடுத்தாங்க, ரெண்டு வருஷம், நிறுத்தி வச்ச தண்டனை. என்ன குத்தம் தெரியுமா? எண்ணை வெளியிடுறதுக்கு முன்னால நிர்வாகக் குழுவுல ஓட்டுக்கு விடலயாம்! நம்ம ஊர்ல குழு போட்டா யார் யார் வந்து உட்காருவாங்க? சங்கத் தலைவர்கள், மானியம் வாங்குறவங்க, ஐஸ் கம்பெனிக்காரங்க. காரல் மீன் எத்தனை டன்னுன்னு கை தூக்கி முடிவு பண்ணுவீங்களா?

கீழக்கரை_காக்கா:
சட்டம் சரியில்லாத ஊரைக் காட்டிச் சட்டமே வேண்டாம்னு சொல்றீக. நல்ல வாதம்.

மண்டபம்முனை:
வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? நான் எழுதுனதை இன்னொரு தடவை படிங்க.

தொண்டி_வத்தை:
டோக்கன் தம்பிக்கு மட்டும் ஒரு கேள்வி. ஆணையம் வந்து விசைப்படகு இழுக்குற வலை எந்த மடின்னு கேட்டா என்னன்னு சொல்லுவீங்க? ஒரே படகு இழுக்குற ஒற்றைமடின்னா? இரட்டைமடி போடக்கூடாதுன்னு தடை இருக்கு. அதனால கரையில கணக்கு எழுத வர்றவர்கிட்ட எவனும் இரட்டைமடின்னு சொல்ல மாட்டான். ரெண்டு படகு சேர்ந்து ஒரு மடியை இழுத்துட்டு வருது. மீன் ஒரு படகுல ஏறி வந்துச்சுன்னா இன்னொண்ணு காலியா வரும். 40 படகு கரை பிடிச்சா நாலுல ஒண்ணுதான் பார்ப்பாங்க. அந்த ஒண்ணு நிறைஞ்ச படகா அமைஞ்சா ஒற்றைமடிக்கு மீன் கொட்டுதுன்னு எழுத்துல வரும். அதைக் காட்டி கடல்ல வளம் இருக்குன்னு பேசுவீங்க. எங்க வலை கிழிஞ்சது எந்தப் பட்டியல்லயும் வராது.

தங்கச்சிமடம்_டோக்கன்:
இங்க பேசுறது வெள்ளிக்கிழமைக் கணக்கு. மடிக் கதையை வேற திரியில வச்சுக்கங்க. மீன் கூட்டத்தை வளைச்சு அடியைச் சுருக்குற சுருக்குமடி பத்திப் பேசலாமா? அது யார் யார் போடுறாங்கன்னு?

தொண்டி_வத்தை:
சின்ன நாட்டுப்படகு வத்தை. வத்தைக்காரன் எந்தக் காலத்துல சுருக்குமடி போட்டான்? வாய் இருக்குன்னு பேசாதீக.

மண்டபம்முனை:
தொண்டிக்காரர் சொல்றதுதான் உண்மையான ஓட்டை. வெள்ளிக்கிழமை ஓட்டையே இல்ல. குலுக்கல்ல வர்ற ஏற்ற இறக்கம் நாள் கூடக் கூடக் குறையும். ஒரே பக்கமாச் சாயுற பிழை நூறு நாள் பார்த்தாலும் குறையாது. அப்படி எங்கெல்லாம் சாயும்?

பெட்டி எடை. எல்லாப் பெட்டியையும் தராசுல வைக்க நேரம் கிடையாது, கண் மதிப்புதான். 27 கிலோ இருக்குற பெட்டியை 30ன்னு எழுதினா நூத்துக்குப் பதினொண்ணு கூடும். ஐஸோட பார்த்ததா, ஐஸ் இல்லாமலாங்கிறது வேற. அடுத்து சங்காயம். மீன்தூள் ஆலைக்குப் போற கழிசல் மீனை இனம் பிரிக்காம அப்படியே வாரி லாரியில ஏத்திருவாங்க. அதுல குஞ்சு மீன் எவ்வளவுன்னு அறிய ஒரு கூடையை வாங்கி ஆற அமரப் பிரிக்கணும். லாரிக்காரன் அவ்வளவு நேரம் நிக்க மாட்டான். கடல்லயே திருப்பிக் கொட்டுனது எங்கயும் வராது. இது இறங்குன மீன் கணக்கு, பிடிச்ச மீன் கணக்கு இல்ல. நண்டை வியாபாரி கரையில கால் வைக்கிறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிருவார். இருபது படகு ஒண்ணா வந்தா ரெண்டுல ஒண்ணு பார்க்கணும்னு விதி. காலடியில கட்டுன படகைப் பார்க்குறது லேசு, அஞ்சு படகு தாண்டி ஏறிப்போய்ப் பார்க்குறது கஷ்டம். கடல் அட்டை 2001லருந்து தடை, அதை எவனும் காட்டப் போறதில்ல.

இதுல எதை ஆணையம் சென்னையில கூட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும்?

தங்கச்சிமடம்_டோக்கன்:
பெரிய பட்டியல். அதுல வெள்ளிக்கிழமையைக் காணோம்.

மங்கலம்_சம்பா:
நெல்லுக்காரன் நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். பயிர் அறுவடைச் சோதனையில குலுக்கல்ல வந்த வயல்ல அளவெடுத்த துண்டை மட்டும் கயிறு கட்டி அறுத்து நிறுப்பாங்க. பயிர்க் காப்பீட்டுல முக்கியப் பயிருக்கு ஊராட்சிக்கு நாலு சோதனை. காப்பீட்டுக் கம்பெனி ஆள் கூட நின்னு பார்க்கலாம். மீனுக்கும் இப்படிச் சாட்சி வச்சா என்ன?

மண்டபம்முனை:
சாட்சி நின்னும் ஊருக்கு ஊர் இழப்பீட்டுச் சண்டை நடக்குதா இல்லையா? சாட்சிக்கும் அதுல காசு இருக்கு, அதான் சிக்கல். வயல் ஓடிப் போகாது. படகு அரைமணியில காலியாயிரும்.

இதுக்கு வழியை மகலனோபிஸ் 1930கள்லயே வங்காளத்துச் சணல் கணக்கெடுப்புல காட்டிட்டார். ஒரே பரப்புக்கு ரெண்டு தனித்தனி மாதிரி, ரெண்டு தனித்தனிக் குழு. ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாது. ரெண்டு விடையும் எவ்வளவு தள்ளி இருக்கோ, அது உங்க கணக்கோட தரம். இங்க செய்யணும்னா இப்படி: ஒன்பது தள-நாள்ல ஒண்ணுக்கு மட்டும், முன்கூட்டிச் சொல்லாம, வேற நிறுவனத்து ஆள் ரெண்டாவது தடவை எழுதணும். பார்த்த படகுல பத்துப் பெட்டியை மின்தராசுல ஐஸ் தட்டிட்டு நிறுக்கணும். மாசம் முடிஞ்சதும் எந்தத் தளம், எந்தத் தேதி, எத்தனை படகு வந்துச்சு, எத்தனை பார்த்தாங்கன்னு பட்டியல் போடணும். படகு பேர் வேண்டாம், போட்டா அடுத்த மாசம் எவனும் பேச மாட்டான். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் இவ்வளவு முன்னப்பின்ன இருக்கும்னு பிழையளவு போடணும். வெளியிடுற தேதியை வருஷ ஆரம்பத்துலயே அறிவிச்சிரணும், அமைச்சர் உட்பட எல்லாருக்கும் ஒரே நேரத்துல. பிரிட்டன் புள்ளியியல் அலுவலகமே 2017 ஜூலையிலருந்து தன்னோட எண்ணை யாருக்கும் முன்கூட்டிக் காட்டுறதை நிறுத்திருச்சு. மாநில மீன்வளத்துறை எண்ணும் ஆராய்ச்சி நிறுவன எண்ணும் ஒத்துப்போகாத வருஷத்துல, ரெண்டு தரப்பும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்.

கீழக்கரை_காக்கா:
இதையெல்லாம் செய்யலன்னா யாரு கட்டாயப்படுத்துவா? அதுக்குத்தானே சட்டத்தோட ஆணையம் கேக்குறேன்! என் பக்கத்துக்கே வந்து நின்னுக்கிட்டு என்னையே திட்டுறீக.

மண்டபம்முனை:
உங்க பக்கம் நான் வரல. நீங்க ஆளை நியமிக்கச் சொல்றீங்க, நான் தராசை வாங்கச் சொல்றேன்.

தங்கச்சிமடம்_டோக்கன்:
தராசு வாங்கி வெள்ளிக்கிழமை எதை நிறுப்பீங்க? வெறும் பெட்டியையா?

மண்டபம்முனை:
தம்பி, ஏழு ஜோடியையும் எழுதிக் காட்டிட்டேன். விரல் விட்டு எண்ணத் தெரியாதவங்களுக்கு நான் என்ன செய்ய?

தங்கச்சிமடம்_டோக்கன்:
மண்டபத்துக்காரங்க ஆபீஸ் வாசல்ல பொறந்தவங்க, அப்படித்தான் பேசுவீங்க.

தொண்டி_வத்தை:
ஆபீஸ் வாசலோ ஜெட்டி வாசலோ, நான் கேட்ட இரட்டைமடிக்கு டோக்கன் தம்பி இன்னும் பதில் சொல்லல.

தங்கச்சிமடம்_டோக்கன்:
சுருக்குமடிக்கு நீங்க முதல்ல சொல்லுங்க.

மங்கலம்_சம்பா:
நான் கேட்டது சாட்சியைப் பத்தி...

தொண்டி_வத்தை:
வத்தையில சுருக்குமடி ஏத்துற அளவுக்கு இடமே கிடையாது தம்பி. ஒரு நாள் வத்தையில ஏறிப் பார்த்திருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டீங்க.

மண்டபம்முனை:
மடிச் சண்டையைத் தனித் திரியாத் திறங்க. காக்கா, 2005 தீர்மானத்துல அந்த ஆணையத்துக்கு எந்தெந்த அதிகாரம் எழுதியிருக்குன்னு வரி வரியாப் போடுங்க, ஒவ்வொண்ணா எடுத்துப் பேசுவோம்.

கீழக்கரை_காக்கா:
நான் எதுக்குப் போடணும்? எல்லாம் தெரிஞ்ச ஆள் நீங்கதானே.