12% "வட்டி" தரும் இன்விட்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரன்:
மாமா ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு ரோடு இன்விட் (சாலை, மின்பாதை போன்றவற்றின் வருமானத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரஸ்ட்) வாங்கினார். வங்கியில் விற்றவர் சலானின் பின்பக்கத்தில் 12-ஐ 100-ஆல் வகுத்துக் காட்டினாராம். முதல் தவணை வந்ததும் "மாப்ளே, வட்டி ஏறிடுச்சு" என்று போன். அந்த பிடிஎஃப்பை நான்தான் திறந்தேன். வட்டி, டிவிடெண்ட், கடன் திரும்பியது என்று மூன்று கட்டம். பாதிக்கு மேல் மூன்றாவதில். அதாவது இவர் போட்ட முதலே திரும்பி வருகிறது. வங்கிக்காரரிடம் கேட்டேன். "சார், காசு வந்துச்சா இல்லையா?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, இன்னும் அது உறுத்துகிறது.

தாரோடு:
முதல் திரும்புவது மோசடி இல்லை, மதுரைக்காரரே. டோல் ஒப்பந்தம் முடிந்தால் ரோடு அரசிடம் போய்விடும், அப்புறம் யூனிட்டில் (டிரஸ்டில் நம் பங்கு) என்ன இருக்கும்? எத்தனை வருடம் மிச்சம் என்று பாருங்கள். 100 ரூபாய்க்கு வருடம் 12 வீதம் 15 வருடம் வந்து, கடைசியில் பூஜ்யம் என்றால் உண்மை வருமானம் எட்டரைக்கும் கொஞ்சம் கீழே. பத்தே வருடம் என்றால் மூன்றரை! எல்லா இன்விட்டும் இப்படி இல்லை. 2021-இல் 100 ரூபாய்க்கு வந்த பவர்கிரிட் இன்விட்டின் மின்பாதைகளுக்கு 35 வருட ஒப்பந்தம். ரோட்டையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கிண்டிவாசி:
பங்குகளின் யீல்ட் (விலையில் எத்தனை சதவீதம் வருடத்துக்குக் கையில் வருகிறது) பட்டியல் இதைவிட மோசம். ஆபீஸில் ஒருவர் போனை நீட்டி, "வேதாந்தா, முப்பது சதவீதத்துக்கு மேல, வாங்கலாமா?" என்றார். 2022-23-இல் ஐந்து தவணையாகப் பங்குக்கு 101.50 கொடுத்தார்கள், சரி. அதே வருடம் விலை நூறு ரூபாய்க்கு மேல் இறங்கியதே? அடுத்த வருட டிவிடெண்ட் 29.50. "இனிமே என்ன வரும்?" என்று கேட்டேன். "ஆப்ல போட்டிருக்கே" என்றார்.

பேரேடு:
பெங்களூரில் ஒரு ரீட்டின் (இன்விட் மாதிரிதான், ஆனால் கட்டட வாடகையைப் பிரித்துக் கொடுக்கும் டிரஸ்ட்) கட்டடத்துக்கு வேலையாகப் போனேன். லிஃப்ட் தப்பான மாடியில் திறந்தது. மாடி முழுக்க இருட்டு, ஒரு மேசைகூட இல்லை. வாடகை எங்கிருந்து வரும்? அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்: யீல்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் எத்தனை சதவீதம் இடம் வாடகைக்குப் போயிருக்கிறது, குத்தகை சராசரியாக இன்னும் எத்தனை வருடம், ஒரே வாடகைதாரரிடம் எவ்வளவு வருமானம் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பகிரக்கூடிய பணத்தில் 90% கொடுத்தே ஆக வேண்டும் என்பது செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி. ஆகவே "தாராளமாகக் கொடுக்கிறார்கள்" என்று புல்லரிக்க வேண்டாம், கையில் மிச்சம் வைக்காததால் புதுக் கட்டடம் வாங்கக் கடனோ புது யூனிட்டோதான் வழி. அப்புறம், பத்து வருட அரசுப் பத்திரம் என்ன தருகிறது என்று பாருங்கள். அதைவிட ஒரு சதவீதம்தான் கூட என்றால் எனக்கு வேண்டாம். முதல் திரும்பிய தொகையை வாங்கிய விலையில் கழித்து எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் விற்கும்போது வரிக்கணக்கு இடிக்கும். கடனையும் பாருங்கள், மேல்வரம்பு சொத்து மதிப்பில் 49%.

தாரோடு:
அது ரீட்டுக்கு. இன்விட் நிபந்தனைகளோடு 70 வரை போகலாம். மதுரைக்காரர் கேட்டது இன்விட் பற்றி.